துணையாகச் செல்வோருக்கு ஏது துணை?

வெளிநாட்டில் பணிபுரியும் மணமகனுக்குப் பெண் கொடுப்பது இந்தியாவின் எந்த மாநிலத்திலும் இன்று புதுமையான செய்தி அல்ல. வேலை நிரந்தரமானதா, சம்பளம் எவ்வளவு, குடியுரிமை எப்போது கிடைக்கும், விசா வர எத்தனை மாதம் ஆகும் என்று பெண் வீட்டார் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். நகைக்கும் சீர்வரிசைக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால், அந்நாட்டில் போய் இறங்கிய மறுநாளே அந்தப் பெண்ணுக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. குடும்பங்கள் கேட்காமல் விடுவதை மறதி என்று சொல்லிவிடலாம். நாட்டை ஆளும் அரசும் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பல பத்தாண்டுகளைக் கடத்திவிட்டதை மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

இந்தியக் குடிமக்களும் இந்திய வம்சாவளியினருமாகச் சுமார் மூன்றரைக் கோடி பேர் உலகெங்கும் வாழ்கிறார்கள் என்பது வெளியுறவு அமைச்சகத்தின் கணக்கு. அவர்கள் தாயகத்துக்கு அனுப்பும் பணத்தைப் பெருமையுடன் பட்டியலிடும் அரசு, அவர்களின் பின்னால் மனைவியாகவோ கணவனாகவோ புறப்பட்டுச் செல்பவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அப்படிச் செல்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். போன இடத்தில் அவர்களுக்குச் சொந்த வருமானம் இல்லை; பல நாடுகளில் உடனடியாக வேலைக்குச் செல்லும் உரிமையும் இல்லை. கருத்தரிப்பும் மகப்பேறும் நிகழும் வயதில் அவர்கள் இருக்கிறார்கள். கேரளத்திலிருந்து செவிலியராகச் சென்ற மனைவியைப் பின்தொடரும் கணவன்மார்களின் நிலையும் இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதல்ல. மருத்துவக் காப்பு மிகவும் தேவைப்படும் பருவத்தில், அதைத் தாமாகத் தேடிக்கொள்ள வழியில்லாத நிலையில் இருப்பவர்கள் இவர்கள்.

இவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே தேசிய மருத்துவச் சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து குடியேறுபவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணம் ஒன்றைச் செலுத்த வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரலில் வந்தது. அப்போது அது ஆண்டுக்கு 200 பவுண்ட். பின்னர் 400 ஆகி, 2020-இல் 624 ஆகி, 2024 பிப்ரவரி முதல் 1,035 பவுண்டாக உயர்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குள் ஐந்து மடங்குக்கு மேல் உயர்வு! இந்தியாவிலிருந்து கணவனிடமோ மனைவியிடமோ செல்பவருக்கு முதலில் 33 மாதங்களுக்கு விசா வழங்கப்படுகிறது. அதற்கு மூன்று ஆண்டுக் கட்டணமாக 3,105 பவுண்ட், அதாவது மூன்று லட்சம் ரூபாய்க்கும் அதிகமான தொகை, விசா கட்டணத்துக்கு மேல் தனியாக, ஒரே தவணையில் கட்டப்பட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் இத்தொகை திருப்பித் தரப்படும் என்பது ஓர் ஆறுதல். அங்கு சென்றபின் வேலை கிடைத்து வருமான வரியும் தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் செலுத்தினாலும், விசாவைப் புதுப்பிக்கும்போது மீண்டும் இந்தக் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். ஒரே சேவைக்கு இரு முறை விலை கொடுப்பதாகும் இது என்ற குடியேறியவர்களின் குறையில் நியாயம் இருக்கிறது.

என்றாலும் பிரிட்டன் முறையில் ஒரு நன்மை உண்டு. கட்டணம் கட்டி விசா பெற்றுப் போய் இறங்கிய நாளிலிருந்தே, மகப்பேறு உள்பட, உள்ளூர்வாசிக்குக் கிடைக்கும் சிகிச்சை புதிதாக வந்தவருக்கும் கிடைக்கிறது. ஏற்கெனவே இருந்த நோய் என்று காரணம் காட்டி எவரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. விலை அதிகம், ஆனால் காப்பு உறுதி.

ஜெர்மனியில் நிலைமை வேறு. பிஸ்மார்க் காலத்தில், 1883-ஆம் ஆண்டிலேயே, தொழிலாளருக்குக் கட்டாய மருத்துவக் காப்பீட்டைச் சட்டமாக்கிய நாடு அது. அங்கே சட்டபூர்வமான பொதுக் காப்பீட்டு நிதியத்தில் உறுப்பினராக இருப்பவரின் கணவன் அல்லது மனைவி, தமக்கென வருமானம் இல்லாதவராகவோ மிகக் குறைந்த வருமானம் உள்ளவராகவோ இருந்தால், கூடுதல் சந்தா ஏதுமின்றிக் குடும்பக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். இந்தியாவிலிருந்து செல்லும் மென்பொருள் பொறியாளரின் மனைவிக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால், குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் பெறுபவர்கள் பொதுக் காப்பீட்டிலிருந்து விலகித் தனியார் காப்பீட்டுக்குச் செல்ல அங்கே அனுமதி உண்டு. தனியாக இருக்கும் இளைஞருக்குத் தனியார் காப்பீடு மலிவாகத் தோன்றும். திருமணமாகி மனைவி வந்தபிறகுதான், அவருக்குத் தனி ஒப்பந்தம், தனிச் சந்தா, உடல்நிலையை ஆராய்ந்தபின் விதிக்கப்படும் கூடுதல் தொகை என்ற உண்மைகள் தெரியவரும். திருமணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு போட்ட ஒரு கையெழுத்து, பின்னர் வரும் மனைவியின் மருத்துவ உரிமையைத் தீர்மானித்துவிடுகிறது.

கனடாவில் மருத்துவக் காப்பீடு மாநிலங்களின் பொறுப்பு. புதிதாக வருபவரை மூன்று மாதங்களுக்கு மேல் காத்திருக்க வைக்கக் கூடாது என்று 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் வரையறுக்கிறது. அந்த மூன்று மாதங்களைப் பயன்படுத்திக்கொள்வதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. தமிழர்களும் பஞ்சாபியரும் பெருமளவில் வாழும் ஒன்டாரியோ மாநிலம், கொரோனா பரவிய 2020 மார்ச்சில் காத்திருப்புக் காலத்தை நீக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ, வந்து சேர்ந்த மாதத்தின் எஞ்சிய நாள்களும் அதன்பின் இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். கியூபெக்கில் காத்திருப்பு உண்டு என்றாலும், கர்ப்பிணிகளின் சிகிச்சைக்கும் மகப்பேறுக்கும் குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. எந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாது என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட விதி அது.

மிகவும் சிக்கலானது அமெரிக்கா. அங்கே எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் மனைவி எச்-4 விசாவில் செல்கிறார். கணவன் வேலை செய்யும் நிறுவனத்தின் காப்பீடுதான் அவருக்குப் பிரதான வழி. திருமணமானவர் தம் துணையை நிறுவனத்தின் காப்பீட்டில் சேர்க்க, மணநாளிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் அளிக்கப்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பல நிறுவனங்கள் அதற்குமேல் ஒரு நாளும் தருவதில்லை. இங்கேதான் இந்தியக் குடும்பங்கள் இடறி விழுகின்றன. தை மாதத்தில் இந்தியாவில் திருமணம் நடக்கிறது. கணவன் விடுப்பு முடிந்து திரும்பிவிடுகிறார். மனைவிக்கு விசா கிடைத்து அவர் போய்ச் சேர ஆனி, ஆடி ஆகிவிடுகிறது. அதற்குள் 30 நாள் எப்போதோ கடந்திருக்கும். மனைவி வந்திறங்கிய நாளைப் புதிய தகுதி நாளாக ஏற்பதா என்பது அந்தந்த நிறுவனத்தின் திட்ட விதிகளைப் பொறுத்தது. ஏற்காவிட்டால், ஆண்டுக்கு ஒருமுறை வரும் பொதுச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க வேண்டும்.

அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தை வழியாகத் தனிக் காப்பீடு வாங்கலாம். சட்டபூர்வமாக நாட்டுக்குள் வந்தவருக்கு அதற்கென 60 நாள் அவகாசம் உண்டு. அத்தகைய காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது 2014 முதல் நடைமுறையில் உள்ள விதி. ஆனால், இதை அறியாத குடும்பங்கள் விமான நிலையத்துக்குப் புறப்படும் அவசரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான காப்பீட்டை வாங்கிவிடுகின்றன. அந்தக் காப்பீட்டுக்கு மேற்சொன்ன விதி பொருந்தாது. பழைய நோய்க்கும் மகப்பேறுக்கும் அவற்றில் பெரும்பாலும் இடமில்லை என்பது, மருத்துவமனைக் கட்டணச் சீட்டு வந்தபிறகே தெரிகிறது. காப்பீட்டுச் சந்தையில் குறைந்த வருமானத்தினருக்குக் கிடைத்துவந்த மானியத்துக்கும் தடை வந்திருக்கிறது. 2025-இல் அங்கு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2027 முதல் எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் அந்த மானியத்தைப் பெற முடியாது. கிரீன் கார்டு பெற்றுச் செல்பவர்களும்கூட, ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் சேர முதல் ஐந்தாண்டுகள் பொதுவாகத் தகுதியற்றவர்கள் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைத் தளர்த்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. எல்லா மாநிலங்களும் தளர்த்திவிடவில்லை.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை, பணம் இல்லை என்பதற்காக அவசரச் சிகிச்சைப் பிரிவு திருப்பி அனுப்பக் கூடாது என்று அங்கு 1986 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அது சிகிச்சைக்குத்தான் உத்தரவாதம், செலவுக்கு அல்ல. உயிர் பிழைத்து வீடு திரும்பியவரைப் பின்தொடர்ந்து கட்டணச் சீட்டும் வந்துசேரும்.

வளைகுடா நாடுகளில் அரசியல் உரிமைகள் குறைவு என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் சில இடங்களில் விதி தெளிவாக இருக்கிறது. துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளிக்கு நிறுவனமும், மனைவி மக்களுக்கு அவர்களை வரவழைப்பவரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் மற்ற வடபகுதி எமிரேட்டுகளுக்கு 2025 ஜனவரியில் விரிவுபடுத்தப்பட்ட கட்டாயம், தனியார் துறைத் தொழிலாளர்களையும் வீட்டுப் பணியாளர்களையும் மையமாகக் கொண்டது. ஒரே நாட்டுக்குள் ஓர் எமிரேட்டிலிருந்து மற்றொன்றுக்கு வீடு மாறினாலே மனைவியின் காப்பு குறித்து மறுபடியும் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவே பொதுவான ஓர் அம்சம் உண்டு. துணையாகச் செல்பவரின் மருத்துவக் காப்பு, அவருடைய சொந்த உரிமையாக அன்றித் திருமண உறவின் பிற்சேர்க்கையாகவே பெரும்பாலும் அமைகிறது. கணவன் வேலை இழந்தால் மனைவியின் காப்பும் போகிறது. கணவன் விண்ணப்பப் படிவத்தில் பெயரைச் சேர்க்காமல் விட்டுவிட்டால் கேட்பதற்கு ஆளில்லை. உறவு முறிந்தால், விசாவும் காப்பீடும் ஒருசேரக் கேள்விக்குறியாகின்றன. அடி வாங்கிய பெண் மருத்துவரிடம் போக வேண்டுமானால், அடித்தவரின் பெயரிலுள்ள காப்பீட்டு அட்டையைத்தான் நீட்ட வேண்டும் என்ற நிலை எத்தனை கொடுமையானது என்பதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு மணமுடிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட பெண்களின் புகார்களை விசாரிக்க 2009-இல் தேசிய மகளிர் ஆணையத்தில் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அப்படியொரு பிரிவு தேவைப்பட்டது என்பதே பிரச்னையின் அளவைக் காட்டப் போதுமானது.

இந்திய அரசு என்ன செய்திருக்கிறது? வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்காக 2003-இல் பிரவாசி பாரதீய பீமா யோஜனா தொடங்கப்பட்டது. விபத்தில் மரணமடைந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்பது அதன் முக்கிய அம்சம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் என்று, வரி நீங்கலாக, மிகக் குறைந்த சந்தா. பாராட்டத்தக்க திட்டம்தான். ஆனால் இது, குடியேற்ற அனுமதி தேவைப்படும் பிரிவைச் சேர்ந்த, வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களுக்காக வகுக்கப்பட்டது. பர்மிங்ஹாமுக்கோ நியூ ஜெர்சிக்கோ மியூனிக்குக்கோ கணவனிடம் செல்லும் பெண் இதன் எல்லைக்குள் வருவதில்லை.

இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் அல்ல. 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் இரண்டாவது பிரிவைப் படித்தால் காரணம் புரியும். 'குடியேறுபவர்' யார் என்று வரையறுக்கும் அந்தப் பிரிவு, குடியேறுபவரைச் சார்ந்து வாழ்பவர், அவருடனேயே சென்றாலும் சரி, பின்னர் அவரிடம் போய்ச் சேர்ந்தாலும் சரி, குடியேறுபவர் ஆக மாட்டார் என்று வெளிப்படையாகவே விலக்கி வைக்கிறது. அன்று அதற்கு ஒரு நோக்கம் இருந்தது. முகவர்களிடம் ஏமாறும் தொழிலாளியைக் காப்பதற்கான கட்டுப்பாடுகள், குடும்பத்தினரின் பயணத்துக்கு இடைஞ்சலாகிவிடக் கூடாது என்று கருதியிருக்கலாம். ஆனால் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கப்பட்டவர்கள், பாதுகாப்பிலிருந்தும் விலக்கப்பட்டுவிட்டார்கள். புறப்படும் முன் தரப்படும் அறிமுகப் பயிற்சியும் தொழிலாளர்களை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டது. நாட்டை விட்டு நீண்ட காலத்துக்குப் புறப்படும் ஒரு பெண்ணைச் சட்டம் பார்க்கவே மறுக்கிறது.

2009-இல் தொடங்கி 2017-இல் விதிகள் விரிவாக்கப்பட்ட இந்திய சமூக நல நிதி ஒன்றுண்டு. நெருக்கடியில் சிக்கிய இந்தியர்களுக்கு, அவர்களின் வசதியை ஆராய்ந்து, அவசர மருத்துவ உதவி வழங்கத் தூதரகங்களுக்கு இது அதிகாரம் அளிக்கிறது. கைவிடப்பட்ட பெண்களுக்குச் சட்ட உதவியும் இதிலிருந்து தரப்படுகிறது. ஆனால், விபத்து நேர்ந்தபின் நீட்டப்படும் கைக்கும், நேருமுன் கட்டப்படும் வேலிக்கும் வேறுபாடு உண்டு. நல நிதி காப்பீட்டுக்கு மாற்று ஆகாது. தூதரகத்தை அணுகும் துணிவும் வழியும் உள்ளவருக்கே அது பயன்படும்.

பேச்சுவார்த்தை மேசையிலும் இவர்கள் நினைவுக்கு வருவதில்லை. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக உடன்பாட்டின்போது, தற்காலிகமாக அங்கு அனுப்பப்படும் இந்திய ஊழியர்களும் அவர்களின் நிறுவனங்களும் மூன்று ஆண்டுகள் வரை அங்கே தேசியக் காப்பீட்டுச் சந்தா செலுத்த வேண்டியதில்லை என்ற சலுகையும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்திய நிறுவனங்களுக்குப் பெரும் தொகை மிச்சமாகும் என்று அரசு மகிழ்ந்தது. மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த ஊழியர்களும் அவர்களின் மனைவி மக்களும் கட்டும் மருத்துவக் கூடுதல் கட்டணத்தில் எந்த மாற்றமும் இல்லை. நிறுவனங்களின் சந்தாவுக்காக வாதாடியவர்கள், குடும்பங்களின் கட்டணத்தைத் தவணை முறையிலாவது வசூலியுங்கள் என்று கேட்டுப் பெற்றிருக்கலாம். பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் எனப் பல நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு உடன்பாடுகளும் ஓய்வூதியச் சந்தாவைச் சுற்றியே அமைந்தவை.

எந்த நாடும் தன் வரி செலுத்துவோரின் பணத்தைப் பாதுகாக்க விதிகள் வகுப்பது அதன் உரிமை. அதைக் குறை கூறுவதில் பயனில்லை. பரஸ்பர மருத்துவ உடன்பாடு வேண்டும் என்று கேட்பதும் எளிதன்று. ஆஸ்திரேலியா பிரிட்டன், இத்தாலி, அயர்லாந்து உள்ளிட்ட 11 நாடுகளுடன் அத்தகைய உடன்பாடு வைத்திருக்கிறது. அந்நாடுகளில் அனைவருக்குமான பொது மருத்துவ அமைப்பு இருப்பதால் அது சாத்தியமாயிற்று. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை 2018-இல் தொடங்கிய இந்தியா, ஏழைக் குடும்பங்களுக்கும், 2024 முதல் 70 வயது கடந்தவர்களுக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்குகிறது. எல்லாக் குடிமக்களுக்கும் சமமான காப்பு என்ற நிலையை அது இன்னும் எட்டவில்லை. தன் வீட்டில் இல்லாததை அடுத்த வீட்டில் கேட்பவரின் குரல் உரக்க ஒலிக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால், பிற நாட்டின் தயவின்றி இந்திய அரசே செய்யக்கூடியவை பல உள்ளன. குடியேற்றச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்ற 2021-இலும் 2025-இலும் வரைவு மசோதாக்கள் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டன. இறுதியாக நிறைவேறும் சட்டத்தில், துணையாகச் செல்பவரைப் பாதுகாப்பு வரம்புக்குள் கொண்டுவரும் தெளிவான பிரிவு இடம்பெற வேண்டும். பிரவாசி பாரதீய பீமா யோஜனாவை, எந்த நாட்டுக்குக் கணவனிடமோ மனைவியிடமோ செல்பவரும் விரும்பினால் சேரலாம் என்று விரிவுபடுத்தலாம். மேலை நாட்டு மருத்துவக் கட்டணத்துக்கு 1 லட்சம் ரூபாய் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பதால், அதற்கேற்பக் காப்புத் தொகையும் சந்தாவும் உயர்த்தி வகுக்கப்பட வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. சுற்றுலாப் பயணிக்கான காப்பீட்டையே குடிபெயரும் மணப்பெண்ணுக்கும் விற்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த நாட்டின் காப்பீடு தொடங்கும் வரையிலான இடைவெளிக்கு, மகப்பேறையும் உள்ளடக்கிய காப்பீட்டை வடிவமைக்கும்படி பொதுத் துறை நிறுவனங்களையாவது பணிக்கலாம். எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்பதை முதல் பக்கத்திலேயே தாய்மொழியில் அச்சிடச் சொல்வதற்குச் செலவு ஏதுமில்லை.

தகவல் கிடைக்கச் செய்வது எல்லாவற்றிலும் எளிது. எந்த நாட்டில், எத்தனை நாளுக்குள், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். கணவனின் கையெழுத்து இல்லாமல் எதைப் பெற முடியும். உறவு முறிந்தால் எங்கே முறையிடலாம் என்பவற்றை நாட்டுவாரியாக ஒரு பக்க அறிக்கையாக்கி, எல்லா இந்திய மொழிகளிலும் கடவுச்சீட்டு அலுவலகங்களிலும் திருமணப் பதிவு அலுவலகங்களிலும் வழங்கலாம். 30 நாள் கெடு பற்றித் திருமணத்தன்றே தெரிந்திருந்தால், அமெரிக்காவுக்குச் செல்லும் எத்தனையோ பெண்களின் முதல் ஆண்டு அச்சமின்றிக் கழியும்.

பெற்றோர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். மாப்பிள்ளையின் காப்பீடு பொதுவானதா, தனியாருடையதா. அதில் மனைவிக்கு இடம் உண்டா. எந்த நாளிலிருந்து உண்டு. மகப்பேறு அதில் அடங்குமா என்ற நான்கு கேள்விகளைத் திருமணப் பேச்சின்போதே கேட்பது எந்த விதத்திலும் மரியாதைக் குறைவு ஆகாது. சம்பளத்தைக் கேட்பதில் இல்லாத கூச்சம் இதைக் கேட்பதில் ஏன் இருக்க வேண்டும்?

வெளிநாடுவாழ் இந்தியர்களை நாட்டின் தூதர்கள் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள் ஆட்சியாளர்கள். அந்தத் தூதர்களுக்கு வீடமைத்துக் கொடுக்கவும் பிள்ளை பெற்று வளர்க்கவும் தாய் தந்தையரைப் பிரிந்து செல்பவர்களும் இந்தியக் குடிமக்களே. சார்ந்து வாழ்பவர்கள் என்ற ஒரு சொல்லால் அவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவைத்தது 1983-இல் பொருத்தமாகத் தோன்றியிருக்கலாம். புதிய சட்டத்தை எழுதும் பேனா அரசின் கையில் இருக்கும் இவ்வேளையில், அதே வரியை மீண்டும் எழுதிவிடக் கூடாது.